நான் சுற்றாத இரண்டாவது சுற்று

கோதண்டன் அண்ணன் இறந்த செய்தி ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மகளுக்கு ராகிக் கூழ் ஊட்டிக்கொண்டிருந்தபோது எனக்கு வந்தது. பட்டறையின் வாட்ஸ்அப் குழுவில் அவருடைய அடையாள அட்டைப் படத்தைப் போட்டிருந்தார்கள். அதன் கீழே கூப்பிய கைகளாக வரிசை நீண்டது. சாம்பியன் ரீப்ஸில் பால் வாங்கப் போன இடத்தில் மாரடைப்பு. ஐம்பத்தெட்டு வயது. படத்தில், யாரோ தன்னுடைய வெர்னியர் அளவுகோலைக் கேட்காமல் எடுத்துவிட்டதைப் போல முறைத்துக்கொண்டிருந்தார்.

படித்ததும் எனக்கு அழுகை வரவில்லை. 'இனி அது யாருக்கும் தெரியாது' என்றுதான் முதலில் தோன்றியது. ஸ்பூனைக் கையில் பிடித்தபடியே ஒரு கணம் மனம் லேசானது. அந்த லேசு எதனால் என்று புரிந்தபோது உடம்பு கூசியது. அவருக்கான அஞ்சலியை அந்தக் கணத்தை மறைத்துவிட்டு எழுத எனக்கு யோக்கியதை இல்லை. அதனால் அதையே முதலில் சொல்லிவிட்டேன்.

இது தாமதமாக வரும் அஞ்சலி. அவருடைய மகள் ரேவதி முப்பதாம் நாள் நினைவு மலருக்காக என்னிடம் ஒரு பக்கம் கேட்டிருந்தாள். "அப்பா உங்களைப் பத்தி வீட்ல பேசுவாரு மேடம், எதனா எழுதிக் குடுங்க" என்றாள். குழந்தைக்குச் சளி, வீட்டில் ஆளில்லை, நேரமில்லை என்று தள்ளிப்போட்டேன். மூன்றும் உண்மை. மூன்றும் காரணமில்லை. மலர் நான் இல்லாமலேயே அச்சாகி வந்தது. அதில் எங்கள் பட்டறை முதலாளி பாபு அண்ணன் அன்பாகத்தான் எழுதியிருந்தார்: 'கடைசிக் காலத்தில் மறதி வந்து, ஒரு இன்ஜினில் போல்ட்டை முறுக்காமல் விட்டபோதும் நாங்கள் அவரை விட்டுவிடவில்லை.'

அதைப் படித்துவிட்டு ரேவதி என்னைக் கூப்பிட்டாள். "அப்பாக்கு மறதியா மேடம்? எங்களுக்குத் தெரியவே இல்லையே. கேஸ் மூடினதையே ரெண்டு வாட்டி எழுந்து போய்ப் பாத்துட்டு வருவாரே. நாங்கதான் கவனிக்காம வுட்டுட்டமா?"

அந்தக் கேள்விக்குத்தான் இது பதில். அவருக்கு மறதி இல்லை ரேவதி. அவர் எந்தப் போல்ட்டையும் முறுக்காமல் விடவில்லை.

உங்களில் பலருக்கு அவரைப் பட்டறைக்கு வெளியேதான் தெரியும் என்பதால், உள்ளே அவர் எப்படி இருந்தார் என்பதைக் கொஞ்சம் சொல்கிறேன். கோலார் தங்கவயலில், ராபர்ட்சன்பேட்டையில் உள்ள எங்கள் பட்டறையில் பல்சக்கரம் வெட்டுகிறோம். பம்புக்கு, டிராக்டருக்கு, எப்போதாவது பழைய கார்களுக்கு. நான் மெக்கானிக்கல் படித்துவிட்டு வரைபடம் போடவும், வெட்டி வந்ததை அளந்து பார்த்துக் கையெழுத்துப் போடவும் சேர்ந்தவள். வெட்டுவது அவர். நான் சேர்ந்த முதல் வாரம் ஒரு சக்கரத்துக்கு எத்தனை பல் வரும் என்று கணக்குப் போட்டுக் கணினியிலிருந்து நாற்பத்து நான்கு என்றேன். அவர் பழைய சக்கரத்தை மடியில் வைத்து, சாக்பீஸால் ஒவ்வொரு பல்லாகத் தொட்டு எண்ணி முடித்துவிட்டுத் தலையாட்டினார். "பரவால்ல. காலேஜ்லயும் நாப்பத்தி நாலுதான் வருது." அன்றிலிருந்து நான் அவருக்கு இஞ்சினியரம்மா.

இனிமையான மனிதர் என்று பொய் சொல்ல மாட்டேன். என் வரைபடத்தை விரித்து அதன்மேல் வடை வைத்துத் தின்பார். எண்ணெய்க் கறையைக் காட்டினால், "அந்த எடத்துல பல்லு இல்லயே, அப்பால இன்னா?" என்பார். கண்ணாடி போடச் சொன்னால் கோபம் வரும். அவருடைய அளவுகோலை யாராவது தொட்டால் மூன்று நாள் பேச மாட்டார். முதலாளியாக இருந்தாலும் அதே மூன்று நாள்தான்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவரோடு விளையாட முடியாது. எந்த இன்ஜினில் சக்கரம் மாற்றினாலும், ஸ்டார்ட் செய்வதற்கு முன் அதைக் கையால் முழுதாக இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்க்க வேண்டும். அவருடைய அப்பா சுரங்கத்தில் ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டை, அந்தக் கேஜை, இயக்குகிற பக்கம் வேலை செய்தவர். "வெறுங்கேஜ் ஒரு தபா கீழ போயி மேல வந்தாதான் எங்கப்பன் ஆள ஏத்துவான். ஷிப்டுக்கு லேட்டானா கத்துவானுங்க. கத்தட்டுமே. கத்தறதுக்கு ஆள் இருக்கணும் இல்ல?" என்பார்.

இப்போது அந்தப் பச்சை வண்டி.

பெங்களூரிலிருந்து ரோஹித் என்று ஓர் இளைஞர் வந்தார். பழைய கார் ஒன்றின் மட்கார்டுகளை வெட்டி, கூரையைத் தாழ்த்தி, ஆறு சிலிண்டர் வரிசையாக நிற்கும் ஒரு பழைய இன்ஜினைப் பொருத்தி, வேகத்துக்காக மாற்றிக்கொண்டிருந்தார். ஹாட் ராட் என்பார்கள். அந்த இன்ஜினின் டைமிங் கியர் நார்ப் பலகையால் ஆனது, பல் தேய்ந்துவிட்டது. அலுமினியத்தில் புதிதாக வேண்டும். வெறுமனே புதிதாக அல்ல. பல் வட்டமும் நடுப்பகுதியும் தனித்தனியாக இருந்து, போல்ட் துளைகள் ஸ்லாட்டாக, நீளமாக வெட்டப்பட்டிருக்க வேண்டும். போல்ட்டைத் தளர்த்தி வட்டத்தைச் சில டிகிரி நகர்த்தினால் வால்வுகள் சற்று முன்னதாகத் திறக்கும்; வண்டி சீறும். நான் வரைந்தேன். கோதண்டன் அண்ணன் வெட்டினார். சாய்ந்த பல், நாற்பத்து நான்கு. அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, "நம்ம ரெண்டு பேர்ல யாருக்கு இது பொறந்ததுன்னு தெரியல, ஆனா அயகா கீது" என்று அவர் சொன்னதும் பட்டறையே சிரித்தது.

ரேவதிக்குப் புரிய வேண்டும் என்பதால் இதை மட்டும் விளக்குகிறேன். கீழே இருக்கும் சிறிய சக்கரத்துக்கு இருபத்திரண்டு பல். அது பிஸ்டன்களோடு இணைந்த கிராங்குத் தண்டோடு சுற்றும். மேலே இருக்கும் பெரியது நாற்பத்து நான்கு. அதுதான் வால்வுகளைத் திறந்து மூட வைக்கும். சிறியது இரண்டு சுற்றுச் சுற்றினால்தான் பெரியது ஒரு சுற்று முடிக்கும். ஒரே சுற்றோடு நிறுத்தினால் ஆறு சிலிண்டரில் மூன்றைத்தான் பார்த்திருப்போம். இந்த இன்ஜினில் மேல்பக்கத்தைச் செதுக்கி இடத்தைக் குறைத்திருந்தார்கள். வால்வும் பிஸ்டனும் ஒன்றையொன்று முட்டாமல் போகிறதா என்று ஆறிலும் பார்த்தே ஆக வேண்டும். கொஞ்சம் சுற்றுவது, நிறுத்துவது, வால்வை அழுத்துவது, டயல் அளவியில் எவ்வளவு இடைவெளி என்று பார்த்து எழுதுவது. ஒரு சுற்றுக்கு அரை மணி நேரம் ஆகும்.

சக்கரத்தை இன்ஜினில் பொருத்திய அன்று பூதிகோட்டையில் அவர் சொந்தத்தில் ஒரு சாவு. மதியம் கிளம்பினார். கிளம்புமுன் சிறிய சக்கரத்தின் பல் எல்லாவற்றிலும் நீல மை பூசினார். சுற்றும்போது அந்த மை பெரிய சக்கரத்தின் பல்லில் படியும்; எங்கே உரசுகிறது என்று தெரியும். "ரெண்டு சுத்து பாத்து எயுதிட்டு, கியர் மூடிய போட்டுடுமா. ராத்திரி பூரா கேஸ்கெட் காயட்டும். காலையில வண்டிக்காரன் வந்துருவான்" என்றார்.

"நீங்க வந்து ஒரு தடவ பாக்க வேணாமாண்ணா?"

"நீ பாத்தா பத்தாதா? இன்னாத்துக்கு உனுக்குக் கையெயுத்து?"

நான் முதல் சுற்றை ஒழுங்காகத்தான் செய்தேன். மூன்று சிலிண்டர் பார்த்தேன், எழுதினேன். அப்போது போன் வந்தது. மகளுக்கு அப்போது ஒன்பது மாதம். முதல் நாள் தடுப்பூசி போட்டிருந்தோம். கணவர் விடிவதற்கு முன்பே ரயிலில் பெங்களூருக்குப் போகிறவர். பக்கத்து வீட்டு அக்காவிடம் பிள்ளையை விட்டுவிட்டு வருவேன். "உடம்பு கொதிக்குதுமா, பால் குடிக்க மாட்டேங்குது" என்றார்.

நான் எதையும் பத்து தடவை பார்க்கிறவள். பிள்ளை தூங்கும்போது மூச்சு வருகிறதா என்று மூக்கின் கீழே விரல் வைத்துப் பார்ப்பேன். பால் சூட்டை மணிக்கட்டில் விட்டுப் பார்த்து, நம்பிக்கை வராமல் நாக்கிலும் வைத்துப் பார்ப்பேன். அப்படிப்பட்டவள் அன்று இரண்டாவது சுற்றைச் சுற்றவில்லை. மீதி மூன்று சிலிண்டருக்கும் எண்களை நானே எழுதினேன். முதல் மூன்றைப் பார்த்து எழுதினேன். ஒரே எண்ணாக இருந்தால் சந்தேகம் வருமென்று புள்ளிக்குப் பின்னால் ஒன்றிரண்டை மாற்றினேன். 'இரண்டு சுற்று, சரி' என்று கையெழுத்துப் போட்டேன். பிறகு எண்ணெய் கசியாமலிருக்கக் கேஸ்கெட் அட்டையை ஒட்டி, மூடியை வைத்து, பத்து போல்ட்டையும் நிதானமாக முறுக்கினேன். அதற்குக் கால் மணி நேரம் எடுத்துக்கொண்டேன். மூடி திறந்து கிடந்தால் எல்லோருக்கும் தெரியும். சுற்றாத சுற்று யாருக்கும் தெரியாது. அவசரத்தில் புத்தி கலங்கிவிட்டது என்று பல மாதம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். புத்தி கலங்கவில்லை. நன்றாகவே வேலை செய்தது.

மறுநாள் காலை ரோஹித் ஒரு லாரியோடு வாசலில் நின்றார். அடுத்த நாள் பெங்களூரில் பழைய வண்டிகளின் கண்காட்சி. கோதண்டன் அண்ணன் வந்ததும் நான் எழுதிய தாளை எடுத்துக் கைநீளத்துக்குத் தள்ளிப் பிடித்துப் படித்தார்.

"இஞ்சினியரம்மா, நாலாம் நம்பர்ல இவ்ளோ எடமா கீது?"

"ஆமாண்ணா."

"நீயே பாத்தியா?"

"பாத்தேண்ணா."

நாலாம் நம்பருக்குப் புது வால்வு போட்டவர் அவர். அதன் தலை மற்றவற்றைவிடச் சற்றுக் கனம்; இடைவெளி குறைவாகத்தான் வரும். அந்த எண் வர வாய்ப்பே இல்லை என்பது அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஸ்பானரை எடுத்தார். "மூடிய கயட்டலாம்."

ரோஹித் கன்னடம் கலந்து கத்தத் தொடங்கினார். "ஏன்ரீ பாபு, இது என்ன ஆட்டமா? லாரி வந்து நிக்குது!" பாபு அண்ணன் அவரைச் சமாதானப்படுத்தி வாசலுக்குக் கூட்டிப் போனார். உள்ளே நாங்கள் இரண்டு பேர்தான். மூடி வந்தது.

பெரிய சக்கரத்தின் பாதிப் பல்லில் நீலம் அழகாகப் படிந்திருந்தது. மறுபாதி வெட்டி எடுத்த அன்றுபோல வெள்ளையாக மின்னியது. இருபத்திரண்டு நீலம், இருபத்திரண்டு வெள்ளை. ஒரே ஒரு சுற்று. நான் எழுதிவைத்த பொய்யை அதைவிடத் தெளிவாக யாரும் எழுதிக் காட்ட முடியாது.

வெளியே அவர்கள் திரும்பி வரும் செருப்புச் சத்தம் கேட்டது. கோதண்டன் அண்ணன் எண்ணெய் துடைக்கிற பனியன் வேஸ்ட்டை ஒரு கைப்பிடி எடுத்தார். நீலத்தை முழுக்கத் துடைத்தார். பல் இடுக்கில் இருந்ததைக்கூட விரல் நுனியால் துடைத்தார். துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல், தணிந்த குரலில் ஒன்றே ஒன்று கேட்டார்.

"கொயந்தைக்கு இன்னாமா ஆச்சு?"

நான் பதில் சொல்லுமுன் அவர்கள் உள்ளே வந்துவிட்டார்கள்.

ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினார். நாலாம் நம்பர் வந்ததும் நின்றது. வால்வு பிஸ்டனில் உட்கார்ந்துவிட்டது. அப்படியே ஸ்டார்ட் செய்திருந்தால் அந்த இன்ஜின் அங்கேயே முடிந்திருக்கும். "என்ன அங்கிள் இது?" என்றார் ரோஹித். கோதண்டன் அண்ணன் சக்கரத்தின் நீளத் துளைகளில் இருந்த போல்ட்டுகளைக் காட்டினார். "இத நான் சரியா முறுக்கல தம்பி. வட்டம் நகந்துடுச்சு. அந்தம்மா பாத்தப்ப சரியாதான் இருந்திருக்கும். தப்பு என்னுது."

முறுக்காத போல்ட். அந்த மனிதர்.

"வயசாயிடுச்சுன்னா வீட்ல ரெஸ்ட் எடுங்க அங்கிள்" என்றார் ரோஹித். பட்டறையில் யாரோ சிரித்தார்கள். வட்டத்தை இரண்டு டிகிரி பின்னால் நகர்த்தி, ஆறு சிலிண்டரையும் இரண்டு சுற்றுப் பார்த்து, புது கேஸ்கெட் வெட்டி ஒட்டி, அது காய்வதற்குள் கண்காட்சி போய்விட்டது.

அன்று மாலை பாபு அண்ணன் என்னைக் கூப்பிட்டார். பிரசவத்துக்குப் பிறகு என்னைத் திரும்பச் சேர்த்துக்கொள்ள யோசித்தவர் அவர். 'கொயந்த வச்சிருக்கிறவங்களுக்கு இது சரிப்படுமா' என்று என் காதுபடவே சொன்னவர். "நேத்து நீ பாக்கறப்ப அந்த போல்ட்டு டைட்டா இருந்ததாமா?" என்று கேட்டார்.

"நான் போல்ட்ட தொட்டுப் பாக்கலண்ணா" என்றேன்.

வார்த்தைக்கு வார்த்தை உண்மை. என் வாழ்க்கையில் நான் சொன்ன ஆகப் பெரிய பொய் அதுதான். மறுவாரம் கோதண்டன் அண்ணனை இன்ஜின் வேலையிலிருந்து எடுத்துப் பின்கட்டில் பம்பு கியர் வெட்ட வைத்தார்கள். எட்டு மாதம், சாகும்வரை, அங்கேயே இருந்தார். புதிதாகச் சேர்ந்தவர்கள் தேநீர் நேரத்தில், "அண்ணே, போல்ட்டு முறுக்கிட்டீங்களா?" என்பார்கள். டம்ளரைத் திருகிக் காட்டி, "முறுக்கிட்டேண்டா, வோணும்னா வந்து பாரு" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நான் கணினித் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

சொல்ல வேண்டும் என்று ஒரே ஒரு நாள் பின்கட்டுக்குப் போனேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். பம்பு கியரின் விட்டம் எவ்வளவு என்று கேட்டேன். சொன்னார். நான் குறித்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் காத்திருந்தார்.

"வேற எதனாமா?"

"இல்லண்ணா."

"பாப்பா நடக்குதா?"

"புடிச்சிக்கினு நடக்குறாண்ணா."

"புடிச்சிக்கினே நடக்கட்டும். அவசரம் இல்ல."

அவர் இறந்த அன்று மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு சாம்பியன் ரீப்ஸ் வரை போனேன். சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகளின் முனையில் பட்டறை ஆட்கள் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். "கைவேலைல ராஜா. பாவம், கடைசில ஒரு போல்ட்டுல பேர் போச்சு." நான் வீடுவரை போகவில்லை. அங்கிருந்தே திரும்பிவிட்டேன். ரேவதி, 'ஏன் வரலை மேடம்' என்று நீ இன்றுவரை கேட்கவில்லை. அதுவும் உன் அப்பாவின் குணம்தான்.

போன திங்கட்கிழமை பாபு அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "இத்தினி நாள் கழிச்சு சொல்லி இன்னாமா பண்றது? மலர்ல வேற எயுதிட்டேனே" என்றார். அவருக்கும் கண் கலங்கியது. பிறகு அவரே அலமாரியிலிருந்து அந்தப் பச்சை வண்டியின் தாளைத் தேடி எடுத்தார். என் கையெழுத்துக்குக் கீழே, பென்சிலால், கட்டை கட்டையான எழுத்தில் இருந்தது: 'சிலாட் போல்ட் முருக்கவில்லை. கோ.' அதை நான் அழிக்கவில்லை. அதன் கீழே பேனாவால் எழுதினேன்: 'முறுக்கியிருந்தது. நான் ஒரு சுற்றுத்தான் பார்த்தேன். மூன்று எண்கள் பொய்.' அன்றைய தேதி போட்டு முழுப் பெயரையும் எழுதினேன். அதன் படத்தைப் பட்டறைக் குழுவில் போட்டேன். இந்த முறை கூப்பிய கைகள் எதுவும் வரவில்லை. என் வேலை இருக்குமா என்று பாபு அண்ணன் இன்னும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அவருடைய வெர்னியர் ரேவதியிடம் இருக்கிறது. அது அங்கேதான் இருக்க வேண்டும். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது, அன்று நீலத்தைத் துடைத்தபடி அவர் கேட்ட கேள்வியைத்தான். எண்களைப் பற்றியோ, ஏன் பொய் சொன்னாய் என்றோ அவர் கேட்கவில்லை. எட்டு மாதம் கூடவே இருந்தும், அதற்கு நான் பதில் சொல்லவே இல்லை.

ஒன்றும் ஆகவில்லை அண்ணா. நான் போய்ச் சேர்ந்தபோது காய்ச்சல் இறங்கி, பால் குடித்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். அரை மணி நேரம் கழித்து வந்திருந்தாலும் தூங்கிக்கொண்டுதான் இருந்திருப்பாள்.